முட்டை வைக்காத பொட்டலம்

அத்தியாயம் 5

ஒரு பெண் கணினிப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வருவதை ஜெயபாலன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். பார்த்தவன் எழுந்து போய் வாங்கியிருக்கலாம். அதற்குள் டாக்டர் லக்ஷ்மன் எழுந்து போய் வாங்கிவிட்டார்.

அந்த ஆளுக்கு எதிலும் அவசரம்தான்.

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சிந்துஜாவின் துப்பறியும் அலுவலகம். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது சொந்தமாகக் கடை போட்டிருந்தாள். ஜெயபாலன் அவளுடைய உதவியாளன், காரோட்டி, தே தாரேக் டீ வாங்கி வருகிறவன். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய். அந்த வாய்க்குச் சிந்துஜா சிரிப்பாள். அதுதான் அவனுக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த போனஸ்.

கொஞ்ச நாளாக அந்தப் போனஸில் பங்கு கேட்டு ஓர் ஆள் வந்திருந்தார். லக்ஷ்மன் பல்கலைக்கழகத்தில் கணினி சொல்லிக்கொடுப்பவர். ஒரு வழக்குக்கு உதவி செய்ய வந்தவர், வழக்கு முடிந்தும் வந்துகொண்டிருந்தார். அவருடைய தாத்தாவும் சிந்துஜாவின் தாத்தாவும் ஒரே ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்து யாழ்ப்பாணத்துக் கதை பேசினவர்களாம். ஜெயபாலனின் தாத்தா அதே ரயிலில் வந்து எஸ்டேட்டில் கூலியாக இறங்கினவர். வித்தியாசம் அவ்வளவுதான் என்று ஜெயபாலன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவனுக்கு எரிந்தது.

"உக்காருங்க. தண்ணி குடிங்க" என்றாள் சிந்துஜா.

வந்தவள் உட்கார்ந்தாள். தண்ணீரைத் தொடவில்லை. "எம் பேரு பிரேமலா. உலு திராம்லேர்ந்து வரேன். என் வீட்டுக்காரரு ஹேமநாதன். சிங்கப்பூர்ல தொழிற்சாலை வேலை. லீவு நாள்ல படம் எடுப்பாரு."

"எக்ஸ்ரேயா?" என்றான் ஜெயபாலன்.

"குறும்படம்ங்க. 'ஒரே குடை'ன்னு பேரு. ஒரே பஸ்ஸுக்கு நிக்கிற பையனும் பொண்ணும், கையில ஒரே குடை. ரெண்டு வருஷமா எடுத்தாரு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போட்டிக்கு அனுப்பணும். இப்ப படமே இல்ல."

கதை இதுதான். வீட்டுக் கணினி ஒரே இழுவை, போதாததற்கு வைரஸ். பார்மட் பண்ணிவிடலாம் என்று ஹேமநாதன்தான் சொன்னான். "நான் வேலைக்குப் போறேன். கம்ப்யூட்டர் கடை அஸ்மான் வருவான். எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு, அப்புறமா அழிக்கச் சொல்லு" என்று மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். அஸ்மான் வந்தான், காப்பி எடுத்தான், பார்மட் பண்ணினான்.

"கல்யாண போட்டோ இருக்கு. பிள்ளைங்க ஸ்கூல்ல பாடுனது இருக்கு. எடிட்டிங் சாஃப்ட்வேர் கூட சீரியல் நம்பரோட பத்திரமா இருக்கு. படம் மட்டும் இல்ல. நான்தான் ஆள வெச்சு அழிச்சேன்னு சொல்லிட்டு, பண்டார் தெங்காராவுல இருக்குற அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாரு. இன்னிக்கு மத்தியானம் அண்ணனையும் கூட்டிக்கிட்டு வராராம். பேசி முடிக்க."

"எத முடிக்க?"

"எங்க கல்யாணத்த."

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.

"உங்க மேல ஏன் சந்தேகம்?" என்று கேட்டாள் சிந்துஜா.

பிரேமலா கண்ணாடித் தம்ளரைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினாள். "கதாநாயகி. லோஷினின்னு ஒருத்தி. ஷூட்டிங்குக்கு எல்லாருக்கும் நான்தான் நாசி லெமாக் சோறு கட்டிக் குடுப்பேன். ஒருநாள் அவ பொட்டலத்துல மட்டும் முட்டை வைக்கல."

"மறந்துட்டீங்களா?" என்றான் ஜெயபாலன்.

"இல்ல."

அந்த 'இல்ல'யின் நேர்மை அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

"அது சண்டையாயிருச்சு. அதுக்கப்புறம் ஷூட்டிங் பக்கமே கால வைக்காதேன்னுட்டாரு. நானும் போகல. அவ என் மஞ்ச துப்பட்டாவையே எடுத்துப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப் சீன்ல கண்ணச் சிமிட்டிச் சிமிட்டி நடிக்கிறா, நான் வாய மூடிக்கிட்டு இருக்கணும்! எனக்கு வயித்தெரிச்சல் உண்டு, இல்லேங்கல. ஆனா அழிக்கல. சத்தியமா அழிக்கல."

சிந்துஜா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு லக்ஷ்மனைப் பார்த்தாள். அவர் அதற்குள் பெட்டியைத் தன் மடிக்கணினியோடு இணைத்து, திரையில் என்னவோ ஓடவிட்டிருந்தார்.

"இந்தப் பெட்டிக்குள்ள எதுவும் மிச்சமில்ல, சிந்துஜா" என்றார் மெல்லிய குரலில். அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் அந்தக் குரல் ஒருவருக்கு மட்டும் அளந்து ஊற்றியது மாதிரி இருந்தது. "இவங்க கூடவே கொண்டுவந்த அந்தக் காப்பி ஹார்ட் டிஸ்க்க இன்னும் கொஞ்சம் நோண்டிப் பாக்கறேன். நீங்க வேணும்னா பக்கத்துல வந்து..."

"பாஸ், டீ ஆறுது" என்றான் ஜெயபாலன்.

"நான் டீயே கேக்கலியே."

"அதான் ஆறிப்போச்சு. வாங்க, அஸ்மானப் பாத்துட்டு வந்துரலாம்."

*

அஸ்மானின் கடை உலு திராமில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. திறந்து கிடந்த கணினிகளுக்கு நடுவே ஃபேன் காற்றில் உட்கார்ந்து ஏதோ ஒரு மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஹேமநாதன் பெயரைச் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது.

"அந்த அபாங்கோட, அந்த அண்ணனோட படம் தொலைஞ்சு போச்சுன்னு பக்கத்துக் கடைக்காரர்தான் சொன்னாரு" என்றான் மலாயில். "எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல. போய் மன்னிப்புக் கேக்கலாம்னா, அவர் ஒரு போன் கூடப் பண்ணல. போன்ல திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

"காப்பி எடுக்கும்போது எதையாவது விட்டியா?" என்று கேட்டாள் சிந்துஜா.

"ஒரே ஒரு ஃபோல்டர். ரொம்பப் பெரிசு. ஆனா அதுக்கு மேல அவங்களே எழுதி வெச்சிருந்தாங்களே!"

"என்னன்னு?"

"பாடாம்."

ஜெயபாலன் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். அஸ்மான் ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினான். பி, ஏ, டி, ஏ, எம்.

ஜெயபாலன் காகிதத்தைப் பார்த்தான். சிந்துஜாவைப் பார்த்தான். "அலமாக்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

மலாயில் 'பாடாம்' என்றால் அழி. ஜொகூரில் பிறந்து வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கணினியை மலாயில் வைத்துக்கொண்டால், எதையாவது அழிக்கப் போகும்போது அது கேட்கிற கேள்வியே 'பாடாம்?' என்பதுதான். அதே ஐந்து எழுத்தைத் தமிழ்க் கண்ணால் படித்தால், படம்.

"எல்லாரும் அப்படித்தானே வெப்பாங்க" என்றான் அஸ்மான் பரிதாபமாக. "குப்பைய எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டு 'பாடாம்'னு பேர் வெப்பாங்க. என் கம்ப்யூட்டர்லயே ஒண்ணு இருக்கு. இருந்தும் நான் கேட்டேன். கக்கா, அந்த அக்கா, சமையல்கட்டுல இருந்தாங்க. 'அழிக்க வேண்டியத காப்பி எடுக்க வேணாம்தானே, கக்கா?'ன்னு கேட்டேன். 'வேணாம் லா, அத எதுக்கு எடுக்கற?'ன்னு சொல்லிட்டாங்க."

திரும்பக் காரில் ஏறி உட்கார்ந்ததும் ஜெயபாலன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "கேஸ் முடிஞ்சுது, பாஸ். ஹேமநாதன் தமிழ்ல எழுதினான். அஸ்மான் மலாய்ல படிச்சான். அம்மா சமையல்கட்டுலேர்ந்து தீர்ப்பு சொல்லிருச்சு. அழிக்க வேண்டியத வெச்சுக்கவான்னு கேட்டா, உலகத்துல யாரு ஆமான்னு சொல்லுவா? குற்றவாளி மொழிதான். பிடிச்சு உள்ள போட முடியாது. கிளம்புவோமா?"

சிந்துஜா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் சட்டைப் பையில் போட்டுப் பத்திரப்படுத்துவதற்குள் அவளுடைய போன் அடித்தது.

"சிந்து" என்றது காரின் ஸ்பீக்கரில் லக்ஷ்மனின் குரல்.

காலையில் 'சிந்துஜா'வாக இருந்தது, மத்தியானத்துக்குள் ஓர் எழுத்தை உதிர்த்துவிட்டிருந்தது. ஜெயபாலன் தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தான்.

"ஹார்ட் டிஸ்க்ல படத்தோட எடிட்டிங் கோப்பு மட்டும் கிடைச்சுது, சிந்து. டெஸ்க்டாப்ல இருந்ததால அஸ்மான் அதையும் சேத்துக் காப்பி எடுத்திருக்கான். அதுக்குள்ள காட்சிங்க இருக்காது. ஆனா எந்தக் காட்சி எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு ஞாபகம் வெச்சிருக்கும். அந்த ஃபோல்டர் பேரு 'படம்' இல்ல. குடை. கே, யூ, டி, ஏ, ஐ. ஸ்கூடாய்ல எஸ் விட்டுப்போச்சோன்னு முதல்ல நெனைச்சேன்."

சிந்துஜா வாய்விட்டுச் சிரித்தாள். அது ஜெயபாலன் சொல்லியிருக்க வேண்டிய நகைச்சுவை. தன் கடைச் சரக்கை அடுத்த கடைக்காரன் எடுத்து விற்பதைப் பார்ப்பது மாதிரி இருந்தது அவனுக்கு.

"கடைசியா அதத் திறந்து சேவ் பண்ணது பார்மட்டுக்கு முந்தின நாள்" என்று தொடர்ந்தார் லக்ஷ்மன். "அப்ப அது குடை. அஸ்மான் வந்து பாக்கும்போது படம். நடுவுல யாரோ பேர மாத்தியிருக்காங்க. வீட்டுல பெரியவங்க ரெண்டே பேரு. ரெண்டு வருஷம் உழைச்ச படத்த அவரே அழிப்பாரா? மனைவிதான். சந்தேகமே இல்ல."

போன் அணைந்தது. சிந்துஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஆயுதம், ஜெய்" என்றாள். "கத்தியா இருந்தா ரத்தம் இருக்கும். இது ஒரு சொல்லு. மாட்டிக்கிட்டா 'படம்னுதானே எழுதினேன்'னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். வண்டிய பிரேமலா வீட்டுக்கு விடு. அந்தம்மா நம்மகிட்ட ஒரு பொய் சொல்லியிருக்காங்க."

*

பிரேமலாவின் வீடு சமையல் வாசனையில் இருந்தது. கல்யாணத்தை முடித்துவைக்க வருகிறவர்களுக்குக் கூட அவள் நாசி லெமாக் கட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் வாழையிலையும் காகிதமும், தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும், ஒரு தட்டு நிறைய அவித்த முட்டையும்.

"ஒரு கேள்வி" என்றாள் சிந்துஜா. "முட்டைச் சண்டைக்கு அப்புறம் நீங்க ஷூட்டிங்குக்குப் போகல. சரியா?"

"போகல."

"அப்ப பஸ் ஸ்டாப் சீன்ல லோஷினி உங்க மஞ்ச துப்பட்டாவப் போட்டுக்கிட்டு கண்ணச் சிமிட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரேமலாவின் கையிலிருந்த கரண்டி சம்பலுக்குள் நழுவிப்போயிற்று. அவள் அதை எடுக்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய் மேல்தட்டிலிருந்து ஒரு முறுக்கு டின்னை இறக்கினாள். முறுக்குக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்.

"ஒவ்வொரு தடவ எடுத்துட்டு வந்து கம்ப்யூட்டர்ல போடுவாரு. அவரு வேலைக்குப் போனதும் நான் இதுல காப்பி எடுத்துப்பேன். 'சம்பல்'னு பேரு வெச்சிருக்கேன். யாரும் திறக்க மாட்டாங்க. கடைசி சீன் வரைக்கும் இருக்கு."

ஜெயபாலன் வாயைத் திறந்தான். மூடினான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"படம் முழுசும் உங்ககிட்டயே இருக்கா?" என்றாள் சிந்துஜா. "இத ஏன் காலையிலயே சொல்லல?"

"சொன்னா எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாரே! புருஷன வேவு பாத்தேன்னு சொல்லவா? அவ எப்படிப் பாக்கறா, இவரு எப்படிப் பாக்கறாருன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன்னு அவங்க அண்ணன் முன்னாடி சொல்லவா?" பிரேமலாவின் கழுத்து சிவந்துபோயிருந்தது. "அழிச்சவள்னு பேரு வந்தாலும் பரவால்ல, வேவு பாத்தவள்னு பேரு வேணாம்னு இருந்துட்டேன்."

உலகத்தில் எத்தனையோ பேர் காப்பி எடுத்துவை, காப்பி எடுத்துவை என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தரும் எடுப்பதில்லை. பொறாமை சொன்னால் ஒன்றுவிடாமல் எடுக்கிறார்கள். ஜெயபாலனுக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

லக்ஷ்மன் தன் மடிக்கணினியோடு வந்து சேர்ந்தார். 'சம்பல்' என்ற பெயரைக் 'குடை' என்று மாற்றினார். எடிட்டிங் கோப்பைத் திறந்து, அது தேடிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தார். இத்தனை நேரம் சிவப்பாகக் கிடந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று, மழையும் பஸ் ஸ்டாப்பும் மஞ்சள் துப்பட்டாவும் ஆயின. படம் ஏறக்குறைய முடிந்த நிலையில்தான் இருந்தது.

"அருமை, லக்ஷ்மன்" என்றாள் சிந்துஜா.

ஜெயபாலன் மறுபக்கம் திரும்பிக்கொண்டு, வெட்டாத காட்சிகளை டிவியில் ஓடவிட்டான்.

எல்லாரும் ஒன்றையே பார்த்தார்கள். ஆனால் ஆளுக்கொன்றைப் பார்த்தார்கள். பிரேமலா லோஷினியின் இமைகளைப் பார்த்தாள். லக்ஷ்மன் வெளிச்சம் போதவில்லை என்றார். ஜெயபாலனுக்கு அந்த அழகான கதாநாயகன் கவினைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதனால் அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கட்" என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஹேமநாதனின் குரல்.

அடுத்த காட்சியில் லோஷினி தனியாக மழையைப் பார்த்து நின்றாள். அவள் பேசி முடித்தாள். பேசாமல் நின்றாள். தலைமுடியை ஒதுக்கினாள். சாவகாசமாக, மனசே இல்லாமல், "கட்."

அடுத்தது. கவின் குடையோடு வந்தான். அவளுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் கை நகரத் தொடங்கியது. "கட்!"

"இன்னொரு தடவ போடு" என்றாள் சிந்துஜா.

"தேவையில்ல, அடுத்ததக் கேளுங்க." ஜெயபாலன் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். "இந்த சீன்ல அவன் அவ கையப் பிடிக்கணும். குடைக்குக் கீழ கை சேரணும், அதான கதையே? எத்தன தடவ எடுத்திருக்காங்க பாருங்க. ஒரு தடவ கூட கை சேரல. சேர்றதுக்கு முன்னாடியே 'கட்'. அவ வசனம் பாதியில நிக்கிது, அப்பவும் 'கட்'."

கடைசி எடுப்பில் கவின் காத்திருக்கவில்லை. வந்ததும் வராததுமாகக் கையைப் பிடித்துவிட்டான். அவளும் விடவில்லை. இரண்டு பேரும் நடிப்பை மறந்து சிரித்தார்கள். "கட்! கட்! கட்!" என்ற குரலோடு கேமராவே ஆடியது.

"டைரக்டரு இப்படிச் சொல்ல மாட்டாங்க, பாஸ்" என்றான் ஜெயபாலன். "இது வயிறெரியறவன் சொல்ற 'கட்'. எனக்கு நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவன் லக்ஷ்மனைப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றான்.

சிந்துஜா அவனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

பிரேமலா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். "அவங்க ரெண்டு பேருக்கும் நிச்சயம்னு போன வாரம் சேதி வந்துச்சு" என்றாள் மெதுவாக. "அதுவும் எனக்குப் போக்குக் காட்டத்தான்னு நெனைச்சேன். அந்தச் சேதி வந்த மறுநாள்தான் இவரு கம்ப்யூட்டர பார்மட் பண்ணணும்னு ஆரம்பிச்சாரு. அப்ப நான் இவரச் சந்தேகப்பட்டது சரிதான்."

"உங்க புருஷனப் பத்திச் சரி" என்றாள் சிந்துஜா. "அந்தப் பொண்ணப் பத்தித் தப்பு. இத்தன காட்சியில அவ கேமராவுக்குப் பின்னாடி ஒரு தடவ கூடத் திரும்பிப் பாக்கல."

பிரேமலா டிவியில் உறைந்து நின்ற லோஷினியின் சிரிப்பை நெடுநேரம் பார்த்தாள்.

"முட்டை வெச்சிருக்கலாம்" என்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு லக்ஷ்மனிடம் திரும்பினாள். "சார், படத்த அனுப்ப எவ்வளவு நேரமாகும்? அந்தக் கடைசி சீன அப்படியே வைங்க. அந்த 'கட்' சத்தத்தையும் எடுக்க வேணாம்."

*

ஹேமநாதன் அண்ணன் சின்னத்தம்பியோடு வந்தான். அண்ணன் பெரிய உருவம். பஞ்சாயத்துப் பேசிப் பழகின முகம், உட்காருவதற்கு முன்பே தொண்டையைச் செருமிக்கொண்டது. லக்ஷ்மன் சாப்பாட்டு மேசை ஓரத்தில் மடிக்கணினியை மறைத்தபடி இருந்தார். திரையில் ஒரு பச்சைக்கோடு வலப்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"இவங்க யாரு?" என்றான் ஹேமநாதன்.

"தொலைஞ்சதக் கண்டுபிடிக்கிறவங்க" என்றான் ஜெயபாலன். "உக்காருங்க சார். நல்ல சேதி இருக்கு."

நல்ல சேதி என்றதும் படம் தொலைத்தவனின் முகம் மலர்ந்திருக்க வேண்டும். ஹேமநாதனின் முகம் சரக்கை எடைபோடுகிறவன் முகமாக மாறியது. ஜெயபாலன் அதைக் குறித்துக்கொண்டான்.

"உங்க மனைவி மேல தப்பில்ல" என்று தொடங்கினாள் சிந்துஜா. "அஸ்மானப் போய்ப் பாத்தோம். ஃபோல்டர் பேர அவன் தப்பாப் படிச்சுட்டான். அழிக்க வெச்சதுன்னு நெனைச்சு விட்டுட்டான். அவ்வளவுதான் நடந்தது."

"பாத்தீங்களா அண்ணே!" ஹேமநாதன் துள்ளினான். "அதத்தான நான் சொல்றேன்! அவனா தப்பாப் படிக்கல, இவ படிக்க வெச்சிருக்கா. இவதான் பேர மாத்தி வெச்சது. படம்னு எழுதினா ஒரு மலாய்க்காரன் பாடாம்னுதானே படிப்பான்? அதத் தெரிஞ்சுதான்..."

"கட்" என்றான் ஜெயபாலன்.

ஹேமநாதன் அவன் பக்கம் திரும்பினான்.

"ஃபோல்டர் பேரு என்னன்னு நான் சொல்லவே இல்லையே, சார்" என்றாள் சிந்துஜா. "நீங்க எடிட் பண்ணும்போது அது 'குடை'. நீங்க வேலை முடிஞ்சு வரும்போது அந்த ஃபோல்டரே இல்ல. நடுவுல அது 'படம்' ஆனது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது... அஸ்மான் சொன்னான்."

"அஸ்மான் உங்க போனுக்காகக் காத்துக் கெடக்கறான். நீங்க ஒரு தடவ கூட அவனக் கூப்பிடல. ரெண்டு வருஷப் படம் தொலைஞ்சவரு முதல்ல ஓட வேண்டியது அவன் கடைக்குத்தான? எனக்கு அங்கதான் முதல்ல இடிச்சுது."

"அப்ப பிரேமலா..."

"என்கூடப் பேசறதத்தான் நிறுத்திட்டீங்களே" என்றாள் பிரேமலா.

சின்னத்தம்பி தம்பியைப் பார்த்தார். செருமித் தயாராக வைத்திருந்த தொண்டையிலிருந்து ஒரே வார்த்தைதான் வந்தது. "டேய்."

ஹேமநாதன் உட்கார்ந்துவிட்டான். "நான் எடுத்த படம்" என்றான் தரையைப் பார்த்து. "அவங்க ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டு அதப் போட்டுப் போட்டுப் பாப்பாங்க. கல்யாணத்துலயும் போடுவாங்க. நான் எடுத்தது."

அவன் யாரைக் காதலித்தான் என்பதை அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெயபாலனுக்கு, வெறுக்க நினைத்த அந்த ஆள் மேல், ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவன் மேல் வருகிற மாதிரி ஒரு பரிதாபம் வந்து தொலைத்தது.

பிரேமலா முறுக்கு டின்னை எடுத்துவந்து கணவன் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தாள். ஹார்ட் டிஸ்க் மேலாக இருந்தது.

"எல்லாம் இதுல இருக்குங்க. ஒண்ணுவிடாம. ஏன் இருக்குன்னு கேட்டா, ஆமா, வேவு பாத்தேன். உங்க அண்ணன் முன்னாடியே சொல்றேன். இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. படம். தமிழ்ல வேணுமா, மலாய்ல வேணுமா?"

ஹேமநாதன் டின்னைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. பேரம் படியாத கடையில் நிற்கிறவன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான்.

மேசை ஓரத்தில் மடிக்கணினி 'டிங்' என்றது.

"போயிடுச்சு" என்றார் லக்ஷ்மன். "போட்டிக்குப் போய்ச் சேந்துடுச்சு. இயக்கம் ஹேமநாதன்னு உங்க பேருதான் போட்டிருக்கு."

"அப்ப என்னைய எதுக்குடி கேட்ட?" என்றான் ஹேமநாதன்.

"மரியாதைக்குக் கேட்டேன்" என்றாள் பிரேமலா. "சாப்பிடுங்க. இனிமே யாரு எங்க இருக்கறதுன்னு சாப்பிட்டுப் பேசலாம்."

பொட்டலங்கள் வந்தன. முதலில் சின்னத்தம்பிக்கு, பிறகு வந்தவர்களுக்கு, கடைசியாகக் கணவனுக்கு. தனியாக ஒரு பொட்டலத்தைக் கட்டி, ரப்பர் போட்டு ஓரமாக வைத்தாள். அது லோஷினிக்கு. அதில் இரண்டு முட்டை வைத்ததை ஜெயபாலன் பார்த்தான்.

ஹேமநாதன் தன் பொட்டலத்தைப் பிரித்தான். சோறு இருந்தது, சம்பல் இருந்தது, வெள்ளரிக்காய் இருந்தது, வறுத்த நெத்திலி கூட இருந்தது. சோற்றை விரலால் கிளறினான். அடியிலும் இல்லை. அவன் நிமிரவில்லை. அப்படியே சாப்பிடத் தொடங்கினான்.

மேசையின் மறுபக்கத்தில் லக்ஷ்மன் தன் இலையிலிருந்த முட்டையை எடுத்துக்கொண்டு சிந்துஜாவின் பக்கம் சாய்ந்தார். "எனக்கு முட்டை ஒத்துக்காது, சிந்து. நீங்க..."

ஜெயபாலனின் வாய் தானாகத் திறந்தது. அந்தக் 'கட்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சிந்துஜா முட்டையை வாங்கினாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதை ஜெயபாலனின் இலையில் வைத்தாள்.

"சொல்லிடாத" என்றாள். "சாப்பிடு."